வாரத்துக்கு 200 கிலோமீட்டர் எப்படிச் சாத்தியமாகிறது

சென்னையில் நான்கு மணி நேரத்தில் மாரத்தான் ஓடி முடிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "கென்ய மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே போன்றவர்கள் வாரத்துக்கு 200 கி.மீ.க்கும் மேல் ஓடுகிறார்கள் என்றும், அதில் ஐந்தில் நான்கு பங்கு மெதுவான ஓட்டம் என்றும் படித்தேன். மெதுவாக ஓடிப் பழகியவரால் போட்டியன்று மட்டும் எப்படி அந்த வேகத்தில் ஓட முடிகிறது? பாதித் தூரத்தை வேகமாக ஓடிவிட்டு மீதி நேரம் ஓய்வெடுத்தால் ஆகாதா? நானும் அந்த 80-20 கணக்கைப் பின்பற்றலாமா?"

மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன். அவர்கள் மெதுவாக ஓடுவதால்தான் அவ்வளவு தூரம் ஓட முடிகிறது. அவ்வளவு தூரம் ஓடுவதால்தான் வேகமான நாட்களைத் தாங்கும் உடல் அமைகிறது. அந்த வேகமான நாட்களில்கூட அவர்கள் முழு மூச்சாக ஓடித் தீர்ப்பதில்லை. இந்தக் கடைசி உண்மையை நம் ஊரில் பலரும் கவனிப்பதில்லை என்பதால் அதற்குக் கூடுதல் இடம் தருகிறேன்.

முதலில் அளவுகள். உலகத் தரத்து நெடுந்தூர ஓட்டக்காரர்களின் பயிற்சிப் பதிவுகளையும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளையும் ஒருசேர வைத்துப் பார்த்து, நார்வேயில் பணியாற்றும் தாமஸ் ஹாகன், ஸ்டீஃபன் சைலர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2022இல் ஒரு விரிவான தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். அதன்படி, ஆயத்தக் காலத்தின் நடுப்பகுதியில் மாரத்தான் ஓட்டக்காரர்கள் வாரத்துக்கு 160 முதல் 220 கி.மீ. வரையிலும், 5,000 மற்றும் 10,000 மீட்டர் ஓடுகிறவர்கள் 130 முதல் 190 கி.மீ. வரையிலும் ஓடுகிறார்கள். வாரத்துக்கு 11 முதல் 14 வேளைகள் பயிற்சி, அதாவது பெரும்பாலான நாட்களில் காலையும் மாலையும். ஆண்டு முழுவதையும் கூட்டினால் 500 முதல் 700 மணி நேரம் வருகிறது. அந்த ஓட்டத்தில் 80 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்த தீவிரத்தில் நடக்கிறது. படகு வலிப்பவர்களும் சைக்கிள் வீரர்களும் பனிச்சறுக்கு வீரர்களும் ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரத்தை நெருங்குவது சாதாரணம். ஓட்டக்காரர்களால் அது முடிவதில்லை. அவர்களுடைய இதயமும் நுரையீரலும் அதற்குத் தயாராக இருந்தாலும் எலும்பும் தசைநாரும் இடம் கொடுப்பதில்லை. நிமிடத்துக்கு 175 அடி என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 14 மணி நேரம் ஓடுகிறவரின் கால்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் முறை தரையில் மோதுகின்றன. ஒவ்வொரு மோதலிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நெடுந்தூர ஓட்டத்தில் பயிற்சித் திட்டம் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த ஒன்றரை லட்சம் அடிகளை எந்தெந்த வேகத்தில் பங்கிட்டுக் கொடுப்பது என்பதுதான்.

கிப்சோகேவின் வாரம் பலமுறை வெளியே சொல்லப்பட்டிருக்கிறது, ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறியதும் இல்லை. கென்யாவின் எல்டோரெட் நகரை அடுத்த கப்டகாட்டில், சுமார் 2,400 மீட்டர் உயரத்தில், 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் என்னும் தடை தாண்டும் ஓட்டத்தில் வெள்ளி வென்ற பேட்ரிக் சாங் நடத்தும் பயிற்சி முகாம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை தடகளப் பாதையில் ஒரு கி.மீ. அளவிலான இன்டர்வெல்கள், அதாவது இடைவெளி விட்டு விட்டு ஓடும் வேக ஓட்டங்கள். வியாழக்கிழமை நீண்ட ஓட்டம், ஒரு வாரம் 30 கி.மீ., அடுத்த வாரம் 40 கி.மீ. சனிக்கிழமை ஃபார்ட்லெக், அதாவது செம்மண் சாலையிலேயே மூன்று நிமிடம் விரைவு, ஒரு நிமிடம் தளர்வு என்று பதின்மூன்று முறை மாற்றி மாற்றி ஓடுவது. மற்ற நாட்களில் காலையில் 20 கி.மீ.யை ஒட்டி ஓர் ஓட்டமும், பெரும்பாலும் மாலையில் 10 கி.மீ. அளவில் இன்னோர் ஓட்டமும் உண்டு, இரண்டும் இலகுவானவை. அந்த இலகு ஓட்டம் தொடங்குவதைப் பார்த்தால் உலகச் சாதனை படைத்தவர் ஓடும் கூட்டம் என்றே நம்ப முடியாது. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் இருபது முப்பது பேர் பேசிக்கொண்டே, காலைத் தேய்த்துத் தேய்த்து வைப்பதுபோல, கி.மீ.க்கு ஐந்தரை ஆறு நிமிடம் என்ற கதியில் கிளம்புவார்கள். மூன்று நான்கு கி.மீ. போன பிறகே கால்கள் தாமாக நீளத் தொடங்கும். உள்ளூர்ப் பையன்கள்கூடச் சிறிது தூரம் கூடவே வந்துவிட முடியும். 2022 பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் ஓடியபோது அவருடைய சராசரி கி.மீ.க்கு 2 நிமிடம் 52 விநாடி என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் தன் திறனில் 80 சதவீதத்தையும் மற்ற நாட்களில் 50 சதவீதத்தையும் மட்டுமே செலவிடுவதாகக் கிப்சோகே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நூறு என்பது போட்டிக்கு மட்டும். இந்த 80 வேறு, நீங்கள் கேட்கும் 80-20 வேறு என்பதையும் இங்கேயே குறித்துவைக்கிறேன்; இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

இப்போது மெதுவான ஓட்டம் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு வருவோம். உடலியலாளர்கள் ஓட்டத்தின் தீவிரத்தைப் பொதுவாக மூன்று மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். தசை சர்க்கரையை எரிக்கும்போது உண்டாகும் லாக்டேட் என்ற பொருள், ஓய்வில் இருக்கும்போது இரத்தத்தில் லிட்டருக்கு ஒரு மில்லிமோல் அளவில் இருக்கும். மெதுவாக ஓடும்போதும் அது பெரிதாக ஏறாது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் அது முதன்முறையாக உயரத் தொடங்கும். அது முதல் எல்லை. இன்னும் கூட்டினால், உற்பத்தியாகும் லாக்டேட்டை உடலால் அதே வேகத்தில் பயன்படுத்தித் தீர்க்க முடியாமல் அது குவியத் தொடங்கும் இடம் வரும். அது இரண்டாவது எல்லை, ஓட்டக்காரர்கள் த்ரெஷோல்ட் என்று சொல்வது. முதல் எல்லைக்குக் கீழே ஓடும்போதும் தசைக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன, நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடர்த்தியாகின்றன, கொழுப்பை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும் திறன் வளர்கிறது, தசைநார்கள் இறுகுகின்றன. வேகமாக ஓடினாலும் இவற்றில் பல நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் வேகமாக ஓடினால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் ஓட முடியும், மெதுவாக ஓடினால் பன்னிரண்டு மணி நேரம் ஓட முடியும். அந்த வேறுபாடு ஆறு மடங்கு.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சான்று பிரிட்டனின் மாரத்தான் ஓட்டக்காரர் பவுலா ராட்கிளிஃபினுடையது. இங்கிலாந்தின் உடலியலாளர் ஆண்ட்ரூ ஜோன்ஸ் அவரை 1992இலிருந்து, அவர் இளையோர் பிரிவில் ஓடிய காலம் முதல், ஆண்டுதோறும் ஆய்வகத்தில் அளந்துவந்தார். உடல் உச்சத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு அந்தப் பதினோரு ஆண்டுகளில் கிட்டத்தட்ட அசையவே இல்லை. நிமிடத்துக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு, 70 மில்லிலிட்டரை ஒட்டியே நின்றது. ஆனால் மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் ஒரு கி.மீ. ஓட அவர் செலவிட்ட ஆக்சிஜன், கிலோவுக்கு 205 மில்லிலிட்டரிலிருந்து 175க்கு இறங்கியது. அதே தூரம், அதே வேகம், செலவில் மட்டும் ஏறத்தாழ 15 சதவீதம் மிச்சம். இளம் வயதில் வாரத்துக்கு 40, 50 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தவர் உச்சத்தில் 190 முதல் 250 கி.மீ. வரை ஓடியிருக்கிறார். 2003 லண்டன் மாரத்தானில் அவர் பதித்த 2 மணி 15 நிமிடம் 25 விநாடி என்ற பெண்கள் உலகச் சாதனை பதினாறு ஆண்டுகள் யாராலும் தொடப்படாமல் நின்றது. அந்த மிச்சம் முழுவதும் தூரத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. வலிமைப் பயிற்சிக்கும் உயரமான இடங்களில் தங்கியதற்கும் அதில் பங்கு இருக்கும். ஆனால் பல ஆண்டுகளில், பல லட்சம் அடிகளில் மட்டுமே உருவாகக்கூடிய மாற்றம் அது என்பதில் எனக்கு ஐயமில்லை.

பாதித் தூரத்தை வேகமாக ஓடினால் ஆகாதா என்ற கேள்விக்கு இரண்டு ஆய்வுகள் நேரடியாகவே விடை சொல்கின்றன. 2007இல் சைலரும் உடன் ஆய்வாளர்களும் நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை வெவ்வேறு தீவிரங்களில் ஓடவைத்து, ஓட்டம் முடிந்தபின் இதயத் துடிப்பு போன்றவற்றைத் தானாகவே நடத்தும் அவர்களுடைய தன்னியக்க நரம்பு மண்டலம் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கங்களை வைத்து அளந்தார்கள். முதல் எல்லைக்குக் கீழே ஓடியபோது, ஒரு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மணி நேரம் ஓடினாலும் உடல் விரைவில் சமநிலைக்கு வந்துவிட்டது. அந்த எல்லையைத் தாண்டிய பிறகோ மீட்சி தெளிவாகத் தாமதமானது. த்ரெஷோல்ட் வேகத்தில் ஓடியபோதும் சரி, அதற்கு மேலான இன்டர்வெல்களிலும் சரி, அந்தத் தாமதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அதாவது உடல் தீவிரத்தைப் படிப்படியான சரிவாக உணரவில்லை, ஒரு வாசற்படியாக உணர்கிறது. படியைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் கொஞ்சம் தாண்டினாலும் நிறையத் தாண்டினாலும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதே ஆண்டில் ஸ்பெயினில் ஹொனாதன் எஸ்டெவெ-லனாவோவின் குழு, தேசிய அளவுக்குச் சற்றுக் கீழே உள்ள பன்னிரண்டு ஓட்டக்காரர்களை இரண்டு பிரிவாக்கி ஐந்து மாதம் பயிற்சி கொடுத்தது. மொத்தப் பளு இரு பிரிவுக்கும் ஒன்று. மிகக் கடினமான ஓட்டத்தின் பங்கும் ஒன்று, சுமார் 8 சதவீதம். வேறுபட்டது இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட நடு மண்டலம் மட்டுமே. ஒரு பிரிவு 80 சதவீத நேரத்தை மெதுவாகவும் 12 சதவீதத்தை நடு மண்டலத்திலும் ஓடியது; மற்றது 67 சதவீதத்தை மெதுவாகவும் 25 சதவீதத்தை நடு மண்டலத்திலும் ஓடியது. முடிவில் 10.4 கி.மீ. ஓட்டத்தில் முதல் பிரிவின் நேரம் சராசரியாக 157 விநாடி குறைந்தது, இரண்டாவதன் நேரம் 121 விநாடி குறைந்தது. இரண்டுமே முன்னேறின என்பதை மறைக்கக் கூடாது, எண்ணிக்கையும் சிறிது. ஆனாலும் கூடுதலாக மெதுவாக ஓடியவர்கள்தான் கூடுதலாக முன்னேறினார்கள்.

80-20 என்ற சொல்வழக்கைப் பரப்பியவர் சைலர் என்பதால், அவர் உண்மையில் எதை எண்ணினார் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் படித்து நார்வேக்குக் குடியேறியவர் அவர். அங்கே போன புதிதில், காட்டுப் பாதையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பனிச்சறுக்கு வீராங்கனை செங்குத்தான ஏற்றம் வந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடந்தே ஏறியதைக் கண்டு வியந்ததாகச் சொல்லியிருக்கிறார். மூச்சைக் கட்டுக்குள் வைப்பதற்காக நடந்திருக்கிறார் அவர். அங்கிருந்து தொடங்கிய தேடலில் படகு வலிப்பவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், ஓட்டக்காரர்கள் என்று பலருடைய பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்து, பத்து வேளையில் எட்டு வேளை இலகுவாகவும் இரண்டு வேளை கடினமாகவும் இருப்பதைக் கண்டார். அவர் எண்ணியது வேளைகளை. நேரத்தை எண்ணினால் கணக்கு மாறிவிடும். வாரத்தில் 13 வேளை ஓடுகிறவருக்கு மூன்று கடினமான வேளைகள் இருக்கின்றன என்றால், வேளைக் கணக்கில் அது 23 சதவீதம். அந்த ஒவ்வொரு வேளையிலும் உடலைச் சூடாக்கும் ஓட்டம், இடைவெளிகள், தளர்த்தும் ஓட்டம் எல்லாம் போக உண்மையிலேயே கடினமான பகுதி நாற்பது நிமிடம்தான். வாரத்துக்கு 14 மணி நேரத்தில் அது இரண்டு மணி நேரம், 14 சதவீதம். ஆகவே ஓட்ட நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கடினமாக ஓடவேண்டும் என்று புரிந்துகொண்டவர்கள், முதல்தர வீரர்களைவிடக் கூடுதலான தீவிரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். கிப்சோகேவின் வியாழக்கிழமை 40 கி.மீ. ஓட்டத்தை இந்தக் கட்டங்களில் எதில் போடுவது என்ற கேள்வியும் இருக்கிறது. போட்டி வேகத்தைவிட அது மெதுவானதுதான்; ஆனால் 2,400 மீட்டர் உயரத்தில், ஏற்ற இறக்கமான மண் சாலையில், அது இலகுவானதும் அல்ல. அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதைவிடக் கால் பங்கு குறைவு. சதவீதங்களை நான் ஒரு வழிகாட்டியாக மட்டுமே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

இனி அந்தக் கடினமான நாட்கள். இங்கே நார்வேக்காரர்களின் முறையைச் சற்று அருகில் சென்று பார்ப்பது பயன்தரும். 5,000 மீட்டரை 13 நிமிடம் 6 விநாடியில் ஓடியவரும் பின்னாளில் மருத்துவரானவருமான மாரியுஸ் பாக்கன், தன் பயிற்சியின்போது ஆயிரக்கணக்கான முறை தன் இரத்தத்தை எடுத்துச் சோதித்து, த்ரெஷோல்டைத் தொட்டும் தொடாமலும் ஓடுவதே அதிகப் பலன் தருகிறது என்ற முடிவுக்கு வந்தார். அதையே வளர்த்தெடுத்தவர்கள் இங்கெப்ரிக்ட்சன் குடும்பத்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 1,500 மீட்டரிலும் பாரிஸ் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்ற யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் ஆயத்தக் காலத்தில் வாரத்துக்கு 160 முதல் 180 கி.மீ. வரை ஓடுபவர். செவ்வாயும் வியாழனும் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை என இரு வேளையும் த்ரெஷோல்ட் பயிற்சி. காலையில் ஆறு நிமிட ஓட்டங்கள் ஐந்து. மாலையில் ஒரு கி.மீ. ஓட்டங்கள் பத்து, அல்லது 400 மீட்டர் ஓட்டங்கள் இருபதுக்கு மேல், இடையில் அரை நிமிடம் ஒரு நிமிடம் மட்டுமே நின்று. சனிக்கிழமை மேட்டில் 200 மீட்டரை இருபது முறை ஏறி ஓடுவது. மற்றவையெல்லாம் இலகு ஓட்டம்.

ஒரு சுற்று முடிந்ததும் நடப்பதைப் பாருங்கள். ஓட்டக்காரர் டிரெட்மில்லிலிருந்து இறங்கி நிற்கிறார். உடனிருப்பவர் விரல் நுனியிலோ காது மடலிலோ வழியும் வியர்வையை நன்றாகத் துடைக்கிறார், ஏனென்றால் வியர்வையிலும் லாக்டேட் உண்டு. ஒரு துளி கலந்தாலும் அளவு பொய்யாக ஏறிவிடும். ஊசியால் குத்தி, முதல் துளியைத் துடைத்தெறிந்துவிட்டு இரண்டாவது துளியைப் பட்டையில் தொடவைக்கிறார். சில விநாடிகளில் கருவியில் எண் தெரிகிறது. இரண்டரை இருக்க வேண்டிய இடத்தில் மூன்றரை காட்டினால், அடுத்த சுற்றின் வேகம் உடனே குறைக்கப்படுகிறது. அன்று உடல் எவ்வளவு துடிப்பாக இருக்கிறது, பக்கத்தில் ஓடுகிறவர் எவ்வளவு வேகமாகப் போகிறார் என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. இந்தப் பரிசோதனை வேகத்தைக் கூட்டுவதற்காக நடப்பதாக வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். பெரும்பாலும் அது வேகத்தைப் பிடித்து நிறுத்தவே பயன்படுகிறது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் த்ரெஷோல்டில் ஓடினால் கடைசி இருபது நிமிடம் லாக்டேட் எகிறி, அடுத்த இரண்டு நாட்களைச் சாப்பிட்டுவிடும். அதே ஒரு மணி நேரத்தைக் காலையும் மாலையுமாகத் துண்டு துண்டாக ஓடினால் மறுநாள் இலகு ஓட்டம் வழக்கம்போல நடக்கிறது. கென்யாவில் இந்தக் கருவியை யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை. அங்கே அந்த வேலையைக் கூட்டமும், முகாமின் ஒழுங்கும், சாங் போன்ற பயிற்சியாளரின் கண்ணும் செய்கின்றன.

இந்த அறிவு எளிதில் வந்துவிடவில்லை. 1952 ஹெல்சின்கியில் 5,000, 10,000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற எமில் ஸாடோபெக், ஒரே நாளில் 400 மீட்டரை அறுபது முறையும் பின்னாளில் நூறு முறை வரையும் ஓடினார். நூறு முறை என்றால் 40 கி.மீ.; முழு வேகத்தில் ஓடினால் பத்தைத் தாண்டுவதே அரிது என்பதால், அவரும் வேகத்தை அடக்கித்தான் ஓடியிருக்க வேண்டும். நியூசிலாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட், வாரத்துக்கு 100 மைல், அதாவது 160 கி.மீ. என்ற அடித்தளத்தைத் தன் உடலிலேயே பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்துப் பையன்களுக்குக் கொடுத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாள் மாலையில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். பேரி மெகீ மாரத்தானில் வெண்கலம். ஸ்னெல் இரண்டு நிமிடத்துக்கும் குறைவான ஓட்டத்துக்காக ஞாயிறுதோறும் ஆக்லாந்தை ஒட்டிய வைடாகெரே மலைப்பாதையில் 35 கி.மீ. ஓடியவர். பிற்காலத்தில் அவரே உடலியல் ஆய்வாளராகி, நீண்ட ஓட்டத்தின் பிற்பகுதியில் மெதுவான தசையிழைகள் களைத்ததும் வேகமான இழைகளும் வேலைக்கு இழுக்கப்படுகின்றன என்று அதற்கு விளக்கம் தந்தார். லிடியார்டின் ஓட்டம் நாம் இன்று ஜாகிங் என்று சொல்லும் அளவுக்கு மெதுவானது அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இனிமையான களைப்போடு வீடு திரும்பும் வேகம் அது.

தூரத்தையும் வேகத்தையும் ஒருசேர உச்சத்துக்குக் கொண்டுபோனவர்களின் கதை வேறு. 1967இல் ஃபுகுவோகாவில் 2 மணி 10 நிமிடத்துக்குள் மாரத்தானை முடித்த முதல் மனிதரான ஆஸ்திரேலியாவின் டெரெக் கிளேட்டன், வாரத்துக்கு 200 கி.மீ.க்கு மேல் ஓடியதோடு அதில் பெரும்பகுதியைக் கடுமையாகவே ஓடினார். கால்களில் பல அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டார். இரண்டு ஒலிம்பிக்குகளில் ஏழாவது, பதின்மூன்றாவது இடங்களே கிடைத்தன. 1973இல் 10,000 மீட்டரில் 27 நிமிடம் 30.8 விநாடி என்ற உலகச் சாதனை படைத்த இங்கிலாந்தின் டேவ் பெட்ஃபோர்ட் வாரத்துக்கு 200 மைல் வரை ஓடியவர். காயங்கள் அவருடைய ஓட்ட வாழ்க்கையை விரைவிலேயே முடித்துவைத்தன. கென்யாவின் கெல்வின் கிப்டமை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இவர்கள் நினைவும் வருகிறது. 2023 அக்டோபர் 8 அன்று சிகாகோவில் 2 மணி 35 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தபோது அவருக்கு வயது 23. அது அவர் ஓடிய மூன்றாவது மாரத்தான் மட்டுமே. வாரத்துக்கு 250 முதல் 280 கி.மீ., சில வாரங்களில் 300க்கும் மேல் ஓடுகிறார் என்றும், இப்படியே போனால் உடல் உடைந்துவிடும் என்று தான் எச்சரித்ததாகவும் அவருடைய பயிற்சியாளர் ஜெர்வே ஹகிசிமானாவே சொன்னார். 2024 பிப்ரவரி 11 இரவு கார் விபத்தில் இருவருமே இறந்துபோனார்கள். அந்த உடல் எவ்வளவு தாங்கியிருக்கும் என்பதை யாரும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

மறுபக்கத்தில் யூகி கவாவூச்சி இருக்கிறார். ஜப்பானில் நிறுவன அணிகளில் ஓடுகிறவர்கள் மாதத்துக்கு ஆயிரம் கி.மீ.யை ஒட்டி ஓடுவது வழக்கமாக இருக்க, சைதாமா மாநில அரசு ஊழியராக முழுநேர வேலை பார்த்துக்கொண்டு நாளுக்கு ஒரே வேளை மட்டும் ஓடியவர் அவர். கடினமான பயிற்சிகளுக்குப் பதிலாக வாரக் கடைசிகளில் போட்டிகளிலேயே ஓடினார். 2018 பாஸ்டன் மாரத்தானில், குளிர்மழையும் எதிர்காற்றும் முதல்தர வீரர்களையே வீழ்த்திய நாளில், 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் அவர் வென்றார். எல்லோருக்கும் ஒரே தூரம் என்று யாராவது சொன்னால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தைத் தாங்கும் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதும் இதில் ஒரு பகுதி. ஒரு கி.மீ. ஓடக் கிலோ எடைக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. 55 கிலோ எடையுள்ளவர் வாரத்துக்கு 200 கி.மீ. ஓடினால் 11,000 கிலோகலோரி, நாளுக்கு ஒன்றரை ஆயிரத்துக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டாக வேண்டும். கென்ய முகாம்களில் சோள மாவில் கிண்டும் உகாலியும் கீரையும் சர்க்கரை போட்ட பால் தேநீரும் அதை ஈடுகட்டுகின்றன. சாப்பாடு குறைந்தால் முதலில் அடிவாங்குவது எலும்பு, பெண்களுக்கு மாதவிடாயும் கூட. காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் இடையில் அவர்கள் படுத்துத் தூங்குகிறார்கள். திங்கள் முதல் சனி வரை குடும்பத்தை விட்டு முகாமிலேயே தங்குகிறார்கள். ஊக்கமருந்தையும் சொல்லாமல் விடக் கூடாது. 2016 ரியோவில் மாரத்தான் தங்கம் வென்ற ஜெமிமா சும்கோங் மறு ஆண்டே, இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஈ.பி.ஓ. மருந்தைப் பயன்படுத்தியதற்காகப் பிடிபட்டார். அப்படிப் பிடிபட்டவர்களின் பயிற்சி அட்டவணையைப் பார்த்து யாரும் தன் தூரத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மருந்து தந்த மீட்சியைப் பயிற்சி தந்த மீட்சியாக எண்ணி ஏமாறும் வழி அது.

கடைசியாக உங்கள் ஓட்டம். கி.மீ.யை விட்டுவிட்டு நேரத்தை எண்ணுங்கள். நான்கு மணி நேர மாரத்தான் என்பது கி.மீ.க்கு 5 நிமிடம் 41 விநாடி. உங்கள் இலகு வேகம் கி.மீ.க்கு ஆறே முக்கால் நிமிடம் என்று வைத்தால் 200 கி.மீ. ஓட இருபத்திரண்டரை மணி நேரம் ஆகும். கிப்சோகேவுக்கோ பதினான்கு மணி நேரம். நீங்கள் 32 கி.மீ. நீண்ட ஓட்டத்தை முடிக்க எடுக்கும் மூன்றரை மணி நேரம், அவர் பயிற்சியில் ஓடும் எந்த ஓட்டத்தையும்விட நீளமானது. அவருடைய இலகு வேகத்துக்கும் போட்டி வேகத்துக்கும் இடையிலான பெரிய இடைவெளியையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் மாரத்தானை இரண்டாவது எல்லைக்கு மிக அருகில் ஓடுகிறார். நான்கு மணி நேரம் ஓடுகிறவர் முதல் எல்லையை ஒட்டியே ஓடமுடியும். ஆகவே உங்களுக்கு அந்த இடைவெளி ஒரு நிமிடத்தை ஒட்டி இருந்தால் போதும்.

நான் பார்த்துவரும் ஓட்டக்காரர்களில் பலருக்கு இந்த ஒரு நிமிடம்தான் பிடிபடுவதில்லை. ஒருவருடைய கைக்கடிகாரப் பதிவில் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு எல்லாமே 5 நிமிடம் 50 விநாடிக்கும் 6 நிமிடம் 5 விநாடிக்கும் இடையில் அடங்கியிருந்தன. இலகுவாக இருக்கவேண்டிய நாள் இலகுவாக இல்லை. அதனாலேயே வேகமாக ஓடவேண்டிய நாளில் கால் எழவில்லை. மூன்று ஆண்டுகளாக அவருடைய போட்டி நேரம் அங்கேயே நின்றது, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் வலி மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் வந்தது. வாரத்தில் ஒரு நாளைத் தவிர மற்ற நாட்களில் ஏழு நிமிடத்துக்கு இறக்கி, மொத்த நேரத்தை மட்டும் மெல்ல மெல்ல வாரத்துக்கு நான்கு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரமாக ஏற்றினோம். அந்தப் பருவத்தில் வலி வரவில்லை.

உங்களுக்கும் அதையே சொல்வேன். வாரத்துக்கு ஐந்து வேளை என்றால் ஒரு வேளை மட்டும் கடினம், உடல் பழகிய பிறகு இரண்டு. அந்த ஒன்றையும், இன்னும் இரண்டு சுற்று ஓடமுடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். மற்ற நான்கிலும் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டு ஓட முடிகிறதா என்று பாருங்கள். போட்டிக்கு முந்தைய பத்து நாட்களில் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் சிறிது தொட்டுக்கொண்டிருங்கள். சென்னையின் புழுக்கத்தில் கடிகாரம் காட்டும் வேகம் ஏமாற்றும். மே மாதத்தில் ஜனவரியின் வேகத்தைத் தேடினால் ஒவ்வொரு நாளும் முதல் எல்லையைத் தாண்டித்தான் ஓடிக்கொண்டிருப்பீர்கள். கடற்கரைச் சாலையில் சமதளமாக இருக்கும்வரை மூச்சு சொல்வதைக் கேட்டு ஓடுங்கள். மேம்பாலத்தின் ஏற்றம் வந்து பேச்சு தடைபட்டால், நார்வேக் காட்டில் அந்த வீராங்கனை செய்ததுபோல, நடந்தே ஏறிவிட்டு மறுபக்கம் ஓடுங்கள்.